கழற்றுமுன் ஒரு ஸலாம்

ராத்தா அந்தப் பென்ட்ரைவை ஒரு பழைய தோட்டுப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன் மேல் வைத்துத்தான் என்னிடம் தந்தார். "தம்பி, கவனம். இதுக்குள்ளதான் உம்மா இரிக்கிறா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டைவிரல் அளவுச் சாமானுக்கு இத்தனை பத்திரமா என்று நினைத்தேன். 2017 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து மூன்று வாரம் இருக்கும். அடுத்த புதன்கிழமை பின்னேரம் அதே பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ராத்தாவின் வாசலில் நான் நின்ற நிலையை இன்று நினைத்தாலும் முகம் சூடாகிறது.

கணனிச் சாமான்களைப் பற்றி மௌலவி ஒருவர் எழுதுவதா என்று சகோதரிகள் யோசிக்கலாம். இன்று ஒரு குடும்பத்தின் நிக்காஹ் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்ப் பிரதிகளும், மௌத்தானவர்களின் குரலும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைகளில்தான் இருக்கின்றன. முன்பு அல்பமாக அலுமாரியில் இருந்தவை இப்போது மெமரி கார்டாகவும் பென்ட்ரைவாகவும் கைப்பைக்குள் கிடக்கின்றன. அவற்றைக் கணனியிலிருந்து எப்படிக் கழற்றுவது என்ற சின்ன விடயத்தில் நான் செய்த பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு அல்பம் கிடையாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்து எடுத்துப் போய்விட்டது. இலங்கையிலேயே ஆகக்கூடுதலான உயிர்கள் போனது நமது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். சாய்ந்தமருதில் கடற்கரையோரம் குடியிருந்தவர்களில் அன்று ஒருவரையாவது இழக்காத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். வீடும் போனது, அலுமாரியும் போனது, வாப்பாவும் போனார். நான் அன்று ஊரில் இருக்கவில்லை.

பிறகு பல வருடங்களாக ராத்தா ஒரு வேலை செய்தார். மாவனல்லையில் இருந்த சாச்சி வீட்டில் நாலு படம், கட்டாரில் இருக்கும் தம்பியின் பெட்டிக்குள் இரண்டு, வாப்பாவின் கூட்டாளி ஒருவரிடம் ஒன்று என்று தேடித் தேடிச் சேர்த்து, ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்வித்தார். அவருடைய மகள் உம்மாவின் குரலைத் தன் போனில் பதிந்து வந்தாள். உம்மா பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த ஓதல்கள், எங்கள் மூதாதையரின் பெயர் வரிசை, தொதல் கிண்டும் பக்குவம், பேரப்பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டு, இப்படி 27 பதிவுகள். அவற்றில் மிக நீண்டது சுனாமி நாள் காலையில் நடந்ததை உம்மா தன் வாயால் சொன்னது. 2016 இல் உம்மா மௌத்தானார். மருமகளின் போனும் சில மாதங்களில் பழுதாகிப் போனது. மிஞ்சியது அந்தப் பென்ட்ரைவ் ஒன்றுதான்.

எனக்கும் ஒரு பிரதி வேண்டுமென்று வாங்கிப் போனேன். அன்றிரவே பிரதி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. காலையில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போய்விட்டேன்.

தவணைப் பரீட்சைக்கு இஸ்லாம் பாட வினாத்தாள் தயாரிக்க வேண்டியிருந்தது. கணனி அறையில் தட்டச்சு செய்து முடித்தேன். அச்செடுக்க வேறு கணனிக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் வேறு பென்ட்ரைவ் இல்லை. ராத்தாவுடையதைச் சொருகினேன். ஒருவர் அமானிதமாகத் தந்த பொருளை அவர் அனுமதிக்காத காரியத்துக்குப் பயன்படுத்தி அது சேதமானால் பொறுப்பு பயன்படுத்தியவனையே சாரும் என்று பிக்ஹுப் பாடத்தில் எத்தனையோ மாணவர்களுக்கு நானே படித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஐந்தாம் பாடத்துக்கு மணி அடித்தது. வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடுவது கேட்டது. பென்ட்ரைவின் நுனியில் சிறிய விளக்கு மினுங்கிக்கொண்டிருக்க, இழுத்துக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

இரவு வீட்டில் லெப்டொப்பில் சொருகினால், இதைப் பயன்படுத்துவதற்கு முன் போர்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது. ஏதோ பழுது பார்த்துத் தருகிறது என்று எண்ணி 'ஆம்' கொடுத்தேன். சில விநாடிகளில் முடிந்தது. திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. பதைத்துப்போய், வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த வினாத்தாளையே மறுபடி அதில் பதிந்தேன். ஒரே நாளில் மூன்று பிழைகள். மூன்றாவதுதான் பெரியது என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பிரதான வீதியில் கணனி திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனிடம்தான் ஓடினேன். "சேர், விளக்கு மினுங்கும்போது கழற்றினீங்களா?" என்று முதலில் கேட்டான். ஆம் என்றேன். நோயாளியின் வீட்டாரைப் பார்க்கும் டொக்டரைப் போல என்னைப் பார்த்தான். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினான். நான் அவனுக்குப் படித்துக் கொடுத்ததை விட நன்றாகவே விளங்கப்படுத்தினான் என்று சொல்ல வேண்டும்.

கடைக்காரர் ஒருவர் காலையிலிருந்து கடனுக்குக் கொடுப்பதை எல்லாம் துண்டுக் கடதாசியில் கிறுக்கி வைத்து, ஆள் குறைந்த நேரத்தில்தான் கடன் கொப்பியில் பதிவார். ஒவ்வொன்றுக்கும் கொப்பியைத் திறந்தால் வியாபாரம் நடக்காது. கணனியும் அப்படித்தான். பென்ட்ரைவில் எழுதச் சொன்னதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திரையில் முடிந்தது என்று காட்டிவிட்டு, தன் வசதிக்கு எழுதும் நேரங்கள் உண்டு. துண்டில் இருப்பது கொப்பிக்குப் போகுமுன் கொப்பியைப் பறித்துக்கொண்டு போனால் அந்தக் கணக்கு போய்விடும்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. பென்ட்ரைவுக்குள் எந்தப் படம் எந்த இடத்தில் ஆரம்பித்து எங்கே தொடர்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. கிதாபின் முன்னால் இருக்கும் பொருளடக்கத்தைப் போன்றது. புதிதாக ஒன்றை எழுதும்போதெல்லாம் அந்தப் பட்டியலும் திருத்தப்படுகிறது. திருத்திக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் அறுந்தால் பட்டியல் பாதியில் நின்றுவிடும். நான் எழுதியது ஒரு வினாத்தாள்தான். ஆனால் கெட்டுப்போனது எல்லாவற்றுக்கும் பொதுவான பட்டியல். உம்மாவின் பதிவுகள் வைத்த இடத்தில் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் வழிதான் அழிந்தது. ஏட்டைக் கிழிக்காமல் பொருளடக்கத்தைக் கிழித்தவன் நான்.

"அப்படியென்றால் போர்மட் செய்தபோதும் அழியவில்லையா?" என்று கேட்டேன். விரைவான போர்மட் புதிய வெறும் பட்டியலை வைப்பதுதான், உள்ளே கிடப்பதைத் துடைப்பதில்லை என்றான். "ஆனா அதுக்குப் பிறகு வினாத்தாளைப் பதிந்தீங்களே சேர், அது யாருடைய இடத்தில் போய் உட்கார்ந்ததோ" என்றான். ஆகவே சகோதரிகள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏதும் நடந்துவிட்டால் அந்தப் பென்ட்ரைவில் வேறெதையும் எழுதாமல், போர்மட் கேட்டால் 'இல்லை' என்று சொல்லி, கழற்றி வைத்துவிடுங்கள். தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அவசரப்பட்டு வீட்டில் செய்யும் வைத்தியம்தான் ஆளைக் கொல்வது.

இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டான். பட்டியலைப் பார்க்காமல், உள்ளே கிடப்பதை வரி வரியாகப் பார்த்து இது படம், இது ஒலி என்று அடையாளம் கண்டு எடுப்பது அதன் வேலை. மறுநாள் பஜ்ருக்குப் பிறகு போன் செய்தான். 140 படங்களில் 131 வந்திருந்தன. பதிவுகளில் 24 முழுதாக வந்திருந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மருமகள் ஒவ்வொன்றுக்கும் வைத்திருந்த பெயர்கள் இல்லை; எஃப் என்ற எழுத்தும் நீண்ட இலக்கமுமாக நின்றன. எது எது என்று கேட்டுக் கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பதிவுகள் அடியோடு போயிருந்தன. மிஞ்சிய ஒன்று அந்த நீண்ட பதிவு. பெரிய கோப்புகள் சில வேளை ஒரே இடத்தில் இல்லாமல் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் கிடக்குமாம். பட்டியல் இல்லாமல் அவற்றைக் கோர்ப்பது கடினம். பதினொரு நிமிடம் உம்மா பேசுகிறார். கடல் வற்றிப் போனதைப் பார்க்கச் சனம் ஓடியதைச் சொல்கிறார். வாப்பா கிணற்றடியில் வுழூச் செய்துகொண்டிருந்ததைச் சொல்கிறார். "அப்ப நான் உங்கட வாப்பாவப் பாத்து" என்கிறார். அதோடு நின்றுவிடுகிறது.

ராத்தாவின் வாசலில் நின்று இதைச் சொன்னபோது அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு அது மனப்பாடம் தம்பி, நான் சொல்லித்தாறன்" என்றார். பிறகு சொன்னார். ஆனால் அது உம்மாவின் சொல்லல்ல.

அதன் பிறகுதான் கழற்றும் முறையைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். முந்தைய காலத்தில் ஒரு அச்சு இயந்திரத்தைப் பூட்டவும் கணனியை நிறுத்தித் திரும்ப இயக்க வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையும் சொருகலாம், கழற்றலாம் என்ற வசதியைத் தந்தது 1996 இல் வெளிவந்த யூ.எஸ்.பி. முறை. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். குஜராத்தின் பரோடாவில் படித்தவர். அவர்கள் செய்தது பெரும் உபகாரம். ஆனால் சொருகுவது இலேசானதால் கழற்றுவதும் அவ்வளவு இலேசு என்று நாம் எடுத்துக்கொண்டோம். 1984 இல் வந்த மெக்கின்டொஷ் கணனியில் பிளொப்பித் தகட்டை வெளியே எடுக்கப் பொத்தானே வைத்திருக்கவில்லை. கணனியிடம் கேட்டால் அதுவே எழுதி முடித்துவிட்டு வெளியே தள்ளும். கேட்காமல் எடுப்பது வழமையான முறையல்ல. அந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு ஸூரத்துந் நூர்தான் நினைவுக்கு வந்தது.

அந்த ஸூராவில் பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதைப் பற்றிய வசனங்களை நாம் அடிக்கடி பயான்களில் கேட்கிறோம். அதே ஸூராவின் 62 ஆம் வசனம் வெளியேறுவதற்கு அனுமதி கேட்பதைப் பற்றியது. பொதுவான ஒரு காரியத்துக்காக நபி (ஸல்) அவர்களுடன் கூடியிருக்கும் முஃமின்கள் அவர்களிடம் கேட்காமல் எழுந்து போகமாட்டார்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். சபைக்கு வரும்போது ஸலாம் சொல்வதைப் போலவே எழும்பிப் போகும்போதும் ஸலாம் சொல்லும்படி ஹதீஸிலும் வந்திருக்கிறது. வசனத்தைக் கணனிக்கு இறக்கினான் என்று நான் சொல்லவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். நடுவில் எழும்பிப் போவதால் காரியம் குழம்பும் என்பது மனிதரின் சபைக்கு மட்டும் உள்ள தன்மையல்ல என்றுதான் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதல்ல. விண்டோஸ் கணனியில் திரையின் வலது கீழ் மூலையில், நேரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், பென்ட்ரைவ் போன்ற ஒரு சின்னப் படம் இருக்கும். காணாவிட்டால் அங்கேயுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் தெரியும். அதை அழுத்திப் பெயரைத் தெரிவு செய்தால், இனிக் கழற்றலாம் என்று செய்தி வரும். அப்போது கழற்றுங்கள். பெயரின் மேல் வலது பக்கக் கிளிக் செய்து 'இஜெக்ட்' கொடுத்தாலும் அதேதான். சில வேளை, இது பாவனையில் இருக்கிறது, இப்போது கழற்ற முடியாது என்று மறுக்கும். கோபப்பட வேண்டாம். அதிலுள்ள படமோ கடிதமோ எங்கோ திறந்தபடி கிடக்கிறது. மூடிவிட்டுச் சிறிது பொறுத்துத் திரும்பக் கேளுங்கள். அப்போதும் விடாவிட்டால் கணனியை முழுதாக நிறுத்திய பிறகு எடுங்கள். லெப்டொப்பின் மூடியைச் சாத்துவது நிறுத்துவதாகாது. அது தூங்குகிறது, அவ்வளவுதான்.

இப்போது அப்படி எல்லாம் தேவையில்லை என்று இளைஞர்கள் சொல்வார்கள். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. 2018 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1809 என்ற பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் நிறுவனம், துண்டில் எழுதி வைக்காமல் உடனுக்குடன் கொப்பியில் எழுதும் முறையையே வழமையாக்கிவிட்டது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே இழுத்தால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. நான் இழுத்தது விளக்கு மினுங்கும்போது. ஒரு கிளிக்குக்குச் சோம்பல்பட்டு அது எழுதுகிறதா இல்லையா என்று ஊகித்துக்கொண்டிருப்பது என்ன புத்தி?

போனில் போடும் மெமரி கார்டுக்கும் இதுவே. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்ற இடத்துக்குப் போய் கார்டை 'இஜெக்ட்' அல்லது 'அன்மவுண்ட்' செய்துவிட்டு வெளியே எடுங்கள். தெரியாவிட்டால் போனை நிறுத்திவிட்டு எடுங்கள். கெமராவும் அப்படித்தான். டி.வி.யில் பயான் கேட்பதற்குச் சொருகும் பென்ட்ரைவில் ஆபத்துக் குறைவு, டி.வி. பெரும்பாலும் வாசிக்கத்தான் செய்யும். என்றாலும் ஓடுவதை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. வெளியே பூட்டும் ஹார்ட் டிஸ்க் இன்னும் மென்மையானது. அதற்குள் தட்டு ஒன்று வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். விடைபெற்ற பிறகும் சுற்றல் அடங்கும் வரை சில விநாடி அசைக்காமல் இருக்க வேண்டும்.

நாம் கழற்றாவிட்டாலும் நம்மைக் கேட்காமல் கழற்றுபவர்கள் இருந்தார்களே என்று 2022 ஆம் ஆண்டை நினைத்துச் சிலர் சிரிக்கக்கூடும். அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். மேசைக் கணனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போவதும் பென்ட்ரைவை இழுப்பதும் ஒன்றுதான். அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மருமகள் நேர அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, மின்வெட்டுக்குப் பத்து நிமிடம் முன்பாகவே எல்லாவற்றையும் மூடிக் கழற்றிவிடுவாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பாடம் பிழையாக ஒருமுறை படிக்கப்பட்டது, அதனால் மற்றவர்கள் சரியாகப் படித்துக்கொண்டார்கள்.

ஒரே பிரதியை வைத்திருந்தது என் பிழைக்கு முந்திய பிழை. குர்ஆனின் ஏடுகள் அபூபக்ர் (ரழி) அவர்களின் காலத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு, பின்னர் உமர் (ரழி) அவர்களிடமும், அவர்களுக்குப் பிறகு அன்னாரின் மகளார் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடமும் இருந்தன. உஸ்மான் (ரழி) அவர்கள் அவற்றைக் கேட்டு வாங்கி, ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களையும் வேறு சிலரையும் கொண்டு பிரதிகள் எழுதுவித்து, பல ஊர்களுக்கு அனுப்பிவிட்டு, மூல ஏடுகளை ஹஃப்ஸா (ரழி) அவர்களிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். ஒரு பெண்ணின் பாதுகாப்பிலிருந்து வாங்கியதைச் சேதமில்லாமல் அவர் கையிலேயே கொடுத்தார்கள் என்ற இந்தச் செய்தியை எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறுகிறது.

இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கட்டாரில் தம்பியிடம், ஒன்று என்னிடம், ஒன்று ராத்தாவின் அலுமாரியில் அதே தோட்டுப் பெட்டிக்குள். கடற்கரை உப்புக் காற்று அந்தச் செப்பு முனைகளைக் கரிக்கும் என்பதால் மூடி போட்டு, பொலிதீனில் சுற்றியிருக்கிறோம். இவற்றுக்குள் செய்திகள் நிற்பது மிகச் சிறிய மின்னேற்றமாகத்தான். பல வருடம் சொருகாமலே கிடந்தால் அது மெல்லக் கசிந்துபோகக்கூடும் என்று கடைக்காரப் பையன் சொன்னான். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை சொருகி, எல்லாவற்றையும் திறந்து பார்த்து, புதிதாக ஒரு பிரதி எடுத்து வைக்கிறோம். அந்த நாளில் ராத்தா எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வார். பதினொரு நிமிடப் பதிவையும் கேட்பார். அது நின்ற இடத்திலிருந்து மீதியை அவரே சொல்வார். போன வருடம் மருமகள் அதையும் பதிந்தாள்.

இந்த வருடத்துக்கு இன்னும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போக வேண்டும், இன்ஷா அல்லாஹ். தோட்டுப் பெட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.